பைபாஸ் வரைக்கும் வரும் வண்டி

கொஞ்சம் தள்ளி நில்லுங்க. கோவிச்சுக்காதீங்க, பாக்க வேண்டாம்னு சொல்லலைங்க, தள்ளி நின்னு பாருங்கங்கறேன். உங்க பெல்ட்டுல இருக்கற இரும்பு லேசா உரசுனாலே கோடு விழுந்துரும். போட்டோவா? எடுத்துக்குங்க. எல்லாரும்தான் எடுக்கறாங்க. காலைல இருந்து இந்த ஓட்டலுக்குச் சாப்பிட வந்தவங்கள்ல பாதிப் பேரு சோத்த ஆற உட்டுட்டு இங்கதான் வந்து நிக்கறாங்க. பின்னாடிப் பக்கம் மட்டும் கைய வெச்சறாதீங்க, சுட்டுரும். இன்ஜின் அங்கதான் இருக்குது.

மைலேஜ் எவ்வளவு குடுக்கும்னுதானே கேக்க வந்தீங்க? நீங்க வாயத் தொறக்கறதுக்கு முன்னாடியே தெரியும். நம்ம சனத்துக்கு ஏரோப்ளேனக் காட்டுனாலும் மொதல்ல அதத்தான் கேக்கும். அடுத்தது எத்தன பேரு உக்காரலாம்னு கேப்பீங்க. ரெண்டு பேரு. அப்பறம் டிக்கி எங்கன்னு கேப்பீங்க. முன்னாடி. அதுல என்ன வெக்கலாம்னு கேப்பீங்க. ஒண்ணும் வெக்க முடியாது. தேங்கா மூட்டை ஏத்தறதுக்கா இத்தாலிக்காரன் இத இழைச்சு இழைச்சுச் செஞ்சு அனுப்பியிருக்கறான்?

எங்கூருப் பூசாரி அதுக்கும் மேல. வண்டி வந்த அன்னைக்குக் கோயில் வாசல்ல நிறுத்திப் பூசை போட்டோம். அந்த மனுசன் முன்னாடி போயி, சந்தனம் வெச்சு, குங்குமம் வெச்சு, மாலை போட்டு, சூடத்தக் காட்டி, இன்ஜின் நல்லா ஓடோணும்னு உருகி உருகி மந்திரம் சொல்றாரு. அது காலி டிக்கிங்க. இன்ஜின் பின்னாடி அனாதையா நிக்குது. சாமி, இந்தப் பக்கம் வாங்கன்னு கூப்புட்டா, எந்த வண்டிக்கும் மூஞ்சி முன்னாடிதாங்கன்னு எனக்கே பாடம் எடுக்கறாரு. என்ற ஊட்டுக்காரி பூங்கோதை இன்னைக்கும் சொல்லுவா, பூசை மாறிப்போனதுதான் எல்லாத்துக்கும் காரணம்னு. அவளுக்கு அவ்வளவுதான் தெரியும்.

நமக்குத் திருச்செங்கோடுங்க. போர் போடற ரிக்கு வண்டி வெச்சிருக்கறேன். ரிக்கு அர்த்தநாரின்னு கேட்டீங்கன்னா சின்னப் புள்ளையும் ஊட்டக் காட்டும். மொதல்ல ஒரே ஒரு பழைய ரிக்கு, அதுக்கு நானே டிரைவர், நானே ஆப்பரேட்டர். ஆந்திரா, ஒரிசா, சத்தீஸ்கர்னு வருசம் பூரா அலைச்சல். பாறையக் கொடையறப்ப வர்ற மாவுப் புழுதி இருக்குதே, மூஞ்சி, மூக்கு, சோறு எல்லாத்துலயும் அப்பிக்கும். அந்தச் சத்தத்துல இந்தப் பக்கத்துக் காது பாதி போச்சு. எம்பொண்ணு நர்மதா பொறந்தப்ப நான் சத்தீஸ்கர்ல பாறைக்குள்ள ராடு சிக்கி நிக்கறேன். புள்ளைய மொதல்ல பாக்கறப்ப அதுக்குப் பல்லு மொளைச்சிருச்சு. என்னக் கண்டதும் யாரோன்னு வீறிட்டு அழுதுச்சு. என்ன பண்றது, அத்தனையும் அவளுக்காகத்தானே.

அப்பறம் ஒரு நாள் தோணுச்சுங்க. இத்தன வருசம் கேட்டதெல்லாம் ஊரான் தண்ணிக்காகக் கேட்ட சத்தம். நமக்குன்னு ஒரு சத்தம் வேண்டாமா?

இருங்க, ஸ்டார்ட் பண்றேன். கேட்டுக்குங்க.

எப்படி? அடிவயித்துல போயி உக்காந்துச்சா? அதுங்க சொகம். அத உட்டுட்டு மைலேஜாம். இந்த சீட்டுல சாஞ்சு, ஸ்டீரிங்கப் புடிச்சு, காலு லேசா வெச்சதும் முதுகுல யாரோ கைய வெச்சுத் தள்ளுன மாதிரி ஒரு ஓட்டம் ஓடும் பாருங்க, அப்ப பொண்டாட்டி, புள்ளை, கடன்காரன், கவர்மெண்டு ஒண்ணும் மனசுல நிக்காது. ரோட்டுல ஒருத்தன் ஹாரன் அடிக்க மாட்டான். போலீஸ்காரரு கைய நெத்திக்குக் கொண்டு போனப்பறம்தான் யாருன்னே யோசிப்பாரு. சிக்னல்ல நின்னா, உரசிட்டா குடும்பத்தையே வித்தாலும் கட்ட முடியாதுன்னு அத்தன வண்டியும் ஒதுங்கி நிக்கும். என்னச் சுத்தி எப்பவும் ஒரு ஆள் படுக்கற எடம் காலியா இருக்கும். அந்த மரியாதை உங்க மொபெட்டுக்குக் கெடைக்குமா, சொல்லுங்க.

உள்ளயா? உள்ள உக்கார வெக்கலாந்தான். ஆனா பின்னாடி தவுட்டு மூட்டை கட்டியிருக்கீங்க, பேண்டெல்லாம் தவுடா இருக்குது. நின்னுக்குங்க. ஏசி ஓடுது, கண்ணாடிய இதுக்கு மேல எறக்க முடியாது. காதுல உழுகுதுங்களா? போதும்.

இங்க எதுக்கு நிக்கறேன்னு கேட்டீங்க. அதச் சொல்லோணும்னா நர்மதா கல்யாணத்துல இருந்து சொல்லோணும். மாப்பிள்ளை பேரு யுகேந்திரன். உங்க ஊருதான், உள்ள போனா வருது. மாட்டு டாக்டரு. மனுசனுக்கு ஊசி போடற டாக்டருக எத்தனையோ பேரு எங்கூட்டுப் படி ஏறத் தயாரா இருக்கறப்ப, எருமைக்கு ஊசி போடறவருங்க. பொண்ணு பாக்க பைக்குல வந்தாரு. பைக்குல. நர்மதா அவருதான் வேணும்னுட்டா. சரி, ஆசைப்பட்டுட்டா, போகட்டும்னு உட்டேன்.

என்னங்க? உங்க மாட்டுக்கும் அவருதான் பாக்கறாரா? எந்நேரம் கூப்புட்டாலும் வருவாரா. வரட்டும். மாட்டுக்காரங்க நீங்க மெச்சிக்குங்க.

கல்யாணத்துல ஒரு மொறை உண்டு. பிள்ளையார் கோயில்ல இருந்து மண்டபத்துக்கு மாப்பிள்ளையப் பொண்ணோட அண்ணன் தம்பி மொறையில ஒருத்தன் கார்ல கூட்டியாருவான். எனக்குப் பையன் இல்ல. பங்காளி மகன் ஒருத்தன் கூட்டியாறதா பேச்சு. ஆனா இந்த வண்டி ஊட்டுல நிக்கறப்ப என்ற மாப்பிள்ளை வேற வண்டியில வந்தா ஊரு என்ன பேசும்? இதுலதான் வரோணும்னு முடிவு பண்ணீட்டேன். அப்ப யாரு ஓட்டறது? என்னத் தவிர ஒருத்தன் இதுல கை வெக்க உடுவனா? நானே போறேன்னுட்டேன்.

என்ற மச்சினன் தங்கமுத்து குறுக்க வந்தான். பொண்ணப் பெத்தவரு வாசல்ல நின்னு வர்றவங்களக் கும்புடோணும், டிரைவர் வேலைக்குப் போகக்கூடாதுங்கறான். தங்கமுத்து யாருன்னா, மார்க்கெட்டுல வாழையெலைக் கடை வெச்சிருக்கறவன். குட்டியானைன்னு ஒரு சின்ன லாரி வெச்சுக்கிட்டு எலைக்கட்டு ஏத்தி எறக்கறவன். அவன் எனக்கு மொறை சொல்றான். மாப்பிள்ளைத் தோழன் எங்க உக்காருவான்னு வேற கேட்டான். பின்னாடி பைக்குல வரச்சொல்லுன்னேன்.

நான் ஒண்ணும் ஏனோதானோன்னு போகலைங்க. கல்யாணத்துக்கு ரெண்டு நாளைக்கு முன்னாடியே கோயில்ல இருந்து மண்டபம் வரைக்கும் ஓட்டிப் பாத்தேன். இது தரையோட ஒட்டிப் போற வண்டி, மேடு பள்ளம் ஆகாது. ரோடு நல்லாத்தான் இருந்துச்சு. அதுலயும் மண்டபத்துத் தெரு புதுசா தார் போட்டு, நூல் புடிச்ச மாதிரி நேரா கெடந்துச்சு. கை சும்மா இருக்குமா? ஒரு அமுத்து அமுத்துனேன். அப்பறம் திருப்பிட்டு வந்து இன்னொருக்கா. சொகமா இருந்துச்சுன்னு நாலஞ்சு தடவை போயிட்டுப் போயிட்டு வந்தேன். கொழாய்ல தண்ணி புடிச்சுட்டு வந்த பொம்பள ஒருத்தி பயந்து கொடத்தக் கீழ போட்டுட்டா. இஸ்கூல் உட்டு வந்த ரெண்டு புள்ளைக சாக்கடைக்குள்ள எறங்கீருச்சுக. அடியெல்லாம் படலைங்க, காலுதான் நனைஞ்சுது. அதுக்குத் தெருவே கூடிட்டுக் கத்துச்சு. பொறாமை, வேறென்ன. இப்படி ஒரு வண்டி நம்ம தெருவுல வந்துச்சேன்னு சந்தோசப்படத் தெரியாத சனம்.

கல்யாணத்தன்னைக்கு மாப்பிள்ளைய உக்கார வெச்சுட்டு வாறேன். மாலையும் கழுத்துமா உக்காந்திருக்கறாரு. வண்டி எப்படின்னேன். நல்லா இருக்குதுங்க மாமா, ஆனா வெளிய ஒண்ணும் தெரியலைங்கறாரு. மண்டபத்துத் தெருவுக்குள்ள திரும்பறேன், ரோட்டுக்குக் குறுக்க ஒரு மேடு. தெருக்காரங்களே சிமெண்டக் கொழைச்சு, ஒரு ஆளக் கேக்காம, ஒரு அதிகாரியக் கேக்காம, சுவரு மாதிரி எழுப்பி வெச்சிருக்கறானுக. ரெண்டு நாள்ல நல்லா இறுகியும் போச்சு. நான் வண்டிய அப்படி ஓட்டிப் பாத்ததுனாலதான் போட்டாங்கன்னு தங்கமுத்து சொல்றான். எனக்காக ஒரு தெருவே சிமெண்டு வாங்குமாங்க? ஆனா வாங்கியிருக்குதுன்னா அதுவும் ஒரு பெருமைதான்னு வெச்சுக்குங்க.

இதுல ஒரு பட்டன் இருக்குது, அமுத்துனா மூக்கத் தூக்கும். தூக்குனேன். மூக்கு தாண்டிருச்சு, வயிறு உக்காந்துருச்சு. முன்னயும் போகலை, பின்னயும் போகலை. கீழ கரகரன்னு ஒரு சத்தம் வந்துச்சு பாருங்க, என்ற நெஞ்செலும்ப ராவுன மாதிரி இருந்துச்சு. மாப்பிள்ளை எறங்கறேன்னாரு. இதுல எறங்கறதுக்கு ஒரு முறை இருக்குது, காலை மொதல்ல வெளிய வெச்சு, கைய ஊனி எந்திரிக்கோணும். பட்டு வேட்டியோட அவரு தவந்துதான் வெளிய வந்தாரு. தெருவே சிரிச்சுது. அவரும் சிரிச்சாருங்க. எனக்கு அதுதான் ஆகலை. என்ற வண்டி நடுரோட்டுல உக்காந்திருக்குது, இவருக்குச் சிரிப்பு வருது.

பசங்க பத்துப் பேரு ஓடியாந்து, தூக்கி மேட்டுக்கு அக்கட்டால வெச்சர்றோம்ங்கன்னானுக. நெல்லு மூட்டைன்னு நெனச்சுட்டானுக. கண்ட எடத்துல கைய வெச்சா நொறுங்கிப்போகும்னு கம்பெனிக்காரனே சொல்லியிருக்கறான். ஒருத்தனும் தொடக்கூடாதுன்னு சத்தம் போட்டேன். கோயமுத்தூர்ல கம்பெனிக்குப் போனப் போட்டேன், வண்டிய ஏத்திட்டுப் போறதுக்குப் படுக்கை லாரி அனுப்பறேன்னாங்க. அதுக்குள்ள எலைக்கட்டோட தங்கமுத்து குட்டியானையில வந்து நின்னான். மாப்பிள்ளை சட்டுனு அவம் பக்கத்துல ஏறி உக்காந்துட்டாரு. மாலையும் பரிவட்டமுமா, குட்டியானையில. ஏறிட்டு என்னயக் கூப்புட்டாரு.

"மாமா, நீங்களும் ஏறுங்க. வண்டி இங்கயேதான் இருக்கும், முகூர்த்தம் இருக்காது."

எப்படிங்க ஏறறது? அங்க ஒருத்தன் தங்குழந்தையத் தூக்கி இதுக்கு மேல உக்கார வெச்சுப் போட்டோ எடுக்கறான். இன்னொருத்தன் கண்ணாடியப் புடிச்சுத் தலை சீவறான். நீங்க போங்க, நான் பின்னாலயே வாறேன்னு அனுப்பிச்சுட்டேன். மண்டபம் எட்டத்துல இல்லைங்க. வாசல்ல கட்டுன வாழைமரம் தெரியுது. உள்ள போற சனம் யாரு எவருன்னு தெரியுது. பூங்கோதை போன்ல கூப்புட்டா, தாரை வாக்கோணும் வாங்கன்னா. அஞ்சு நிமிசம்னேன். மறுபடியும் கூப்புட்டா. அஞ்சு நிமிசம்னேன். அப்பறம் போன் வரலை, கெட்டி மேளம்தான் வந்துச்சு.

நல்லாக் கேட்டுச்சுங்க. இந்தக் காதுக்கே கேட்டுச்சு. எனக்கு ஒரு மாதிரி ஆயிருச்சு, இல்லைன்னு சொல்ல மாட்டேன். இந்த ஸ்டீரிங்கப் புடிச்சுட்டுத்தான் உக்காந்திருந்தேன். கண்ணு கலங்கிப்போச்சு. வெளிய நின்ன பசங்க பாத்துருவானுகன்னு கண்ணாடிய ஏத்திக்கிட்டேன்.

பொண்ண தாரை வாத்துக் குடுத்தது தங்கமுத்து. எலைக்கட்டு தூக்குன கையோட. நான் உயிரோட, கூப்புடு தூரத்துல உக்காந்திருக்கறேன், என்ற எடத்துல அவன் போயி நின்னுட்டான். இதுக்குத்தான் காத்துட்டு இருந்திருப்பான். எனக்காகக் கொஞ்ச நேரம் பொறுக்க முடியலை ஒருத்தருக்கும். முகூர்த்தம் என்ன கடைசி பஸ்ஸா, போனா போச்சுங்கறதுக்கு?

லாரி வந்து, வண்டியப் பதமா ஏத்தி அனுப்பிச்சுட்டு நான் மண்டபத்துக்குள்ள போறப்ப பந்தி நடக்குது. நர்மதா மாலையோட மேடையில நிக்கறா. கிட்ட போனேன். என்னப் பாத்து ஒரே ஒரு வார்த்தை கேட்டா.

"வண்டிக்கு ஒண்ணும் ஆகலையேப்பா?"

பெரிசா ஒண்ணும் ஆகலை கண்ணு, அடியில கொஞ்சம் கீறல்தான்னு சொன்னேன். அத்தன கூட்டத்துல, அத்தன பேருல, வண்டியப் பத்திக் கேட்டது அவ ஒருத்திதாங்க. எவ்வளவு அக்கறை பாருங்க. அதுக்கப்பறம் என்ன ஆச்சுன்னுதான் தெரியலை, எங்கூடப் பேசறதே இல்லை. போன் பண்ணா அம்மாகிட்டக் குடுங்கப்பாங்கறா. பண்டிகைக்கு வந்தாலும் நான் ரிக்கு பாக்கப் போன நேரமாப் பாத்துத்தான் வந்துட்டுப் போறா. மாட்டு டாக்டரு சொல்லிக் குடுத்திருப்பாரோன்னு எனக்கு ஒரு சந்தேகம் உண்டு.

இன்னைக்கு அவளுக்குக் கட்டுச்சோறுங்க. நாங்க சோறு கட்டிக் கொண்டுபோய் விருந்து வெச்சு, வளையல் போட்டு, பொண்ணப் பேறுகாலத்துக்கு எங்கூட்டுக்குக் கூட்டிட்டுப் போகோணும். அதுக்கு அவ அம்மாகிட்டச் சொல்லி அனுப்பியிருக்கறா, அப்பா வரட்டும், அந்தக் காரு வரக்கூடாது, அது வாசல்ல வந்து நின்னுதுன்னா நான் அப்பா ஊட்டுக்கு வரமாட்டேன்னு. காரு வேற, நான் வேறயாங்க? ராடு புடிச்சுப் புடிச்சு இந்தக் கை காச்சுப்போயி வாங்குனது. அது வரக்கூடாதுன்னா நானும் வரக்கூடாதுன்னுதானே அர்த்தம்?

பூங்கோதை, சொந்தபந்தம், சோத்துப் பாத்திரமெல்லாம் என்ற இன்னோவாவுலதான் போயிருக்குது. தங்கமுத்துதான் ஓட்டிட்டுப் போயிருக்கறான். அதுல எனக்கும் ஒரு சீட்டு போட்டு வெச்சிருந்தாங்க, வாங்க வாங்கன்னு கெஞ்சுனாங்க. நான் யோசிச்சேன். வாசலுக்குத்தானே வரக்கூடாதுன்னா? பைபாஸ் என்ன அவ வாசலா? இங்க வந்து நிப்போம், விருந்து முடிஞ்சு அந்தச் சந்து வழியாத்தான் வெளிய வரோணும், இங்க கை காட்டி நிறுத்தி, இந்த சீட்டுல உக்கார வெச்சு ராணி மாதிரி கூட்டிட்டுப் போலாம்னு. எத்தன தடவை கூப்புட்டிருப்பேன், ஒருக்கா வந்து உக்காந்து பாரு கண்ணுன்னு. இது வரைக்கும் ஏறுனதில்ல.

நெறமாசக்காரி எப்படி இவ்வளவு தாழ உக்காருவாங்கறீங்களா? நீங்களும் ஆரம்பிச்சுட்டீங்களா. படுத்த மாதிரி இருக்கும்ங்க, வயித்துக்குச் சொகம். உக்காந்து பாக்காதவங்கதான் எல்லாரும் பேசறீங்க.

அது வேண்டாங்க. நீங்க நல்ல மனுசரு, உங்க மொபெட்டக் குடுக்கறேங்கறீங்க, இங்க நின்னு வண்டியப் பாத்துக்கறேங்கறீங்க. ஆனா தவுட்டு மூட்டையோட நான் சம்பந்தி ஊட்டு வாசல்ல போயி எறங்கறதா? அதுவும் போக, உங்கள நம்பலைன்னு இல்ல, நாலு பசங்க வந்து கைய வெச்சா நீங்க வெரட்டுவீங்களா? உங்களுக்கே ஆசையா இருக்குமே. நான் இங்கயே இருக்கறேன்.

ஒரு நிமிசங்க, பூங்கோதை கூப்புடறா.

சரி. சரி. எந்த ஊட்டுக்கு? ஏன்? அவகிட்டக் குடு. குடு, நான் பேசறேன். சரி, வேண்டாம்னா உடு.

ஒண்ணுமில்லைங்க. விருந்து முடிஞ்சிருச்சாம். நான் இங்க நிக்கறத யாரோ போட்டோ புடிச்சுப் போட்டிருப்பாங்க போல, அத நர்மதா பாத்துட்டாளாம். எங்கூட்டுக்கு வரமாட்டேங்கறாளாம். தங்கமுத்து ஊட்டுல பேறுகாலம் பாத்துக்கறாளாம். மாமன் ஊடுதானே, ஒரு கொறையும் இல்லைங்கறா பூங்கோதை. எலைக்கடைக்காரன் ஊட்டுல பொறக்கப் போகுதுங்க என்ற பேரன். எங்கூட்டுல மேல ஒரு ரூமுக்கு ஏசி போட்டு, தொட்டில் வாங்கி மாட்டி வெச்சிருக்கறேன். அத ஒருத்தருக்கும் சொல்லலை. வந்ததும் பாக்கட்டும்னு இருந்தேன்.

அந்தா. அந்த வெள்ளை இன்னோவாதான். தங்கமுத்து ஓட்டறான் பாருங்க. பின்னாடி ஜன்னலோரம் உக்காந்திருக்கறா, கை பூரா வளையல். மொகம் ஊதிப்போயிருக்குது. சின்னதுல காச்சல் வந்தா அப்படித்தான் இருக்கும்னு பூங்கோதை சொல்லுவா, நான் பாத்ததில்லை. நிக்கலை, பாத்தீங்களா. போயிருச்சு.

மெதுவாத்தான் போறான். பிள்ளைத்தாச்சிய வெச்சுட்டு அப்படித்தானே போகோணும். நான் நெனச்சா அந்தப் பாலத்துக்கு முன்னாடியே புடிச்சிருவேனுங்க. புடிக்கறது ஒரு விசயமே இல்லை. புடிச்சா? முந்திட்டுப் போகலாம். பின்னாடியே அவங்க வேகத்துக்குப் போகோணும்னா இந்த வண்டி ஒத்துக்காது, சூடாயிரும். கம்பெனிக்காரனே சொல்லியிருக்கறான்.

ஆனா அவ இந்தப் பக்கம் திரும்பிப் பாத்தாளுங்க. நீங்களும் பாத்தீங்கதானே? ரோட்டுப் பக்கக் கண்ணாடிய நான் எறக்கவே இல்லை, அது கருப்புக் கண்ணாடி, உள்ள இருந்து பாத்தா வெளிய தெரியுது. வெளிய இருந்து பாத்தா எப்படின்னு நான் பாத்ததில்லை. நீங்க இவ்வளவு நேரம் வெளியதானே நிக்கறீங்க. நான் உள்ள இருக்கறது அங்க இருந்து தெரிஞ்சிருக்குமா? அவ பாத்தது வண்டியவா, என்னையாங்க? பரவால்லை, எனக்காகன்னு சொல்லாதீங்க, பாத்தத பாத்தபடி சொல்லுங்க.